என்னைப் பற்றி நானே எப்படிச் சொல்வேன்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 39. ஒரு நிறுவனத்தில் பிரதி திருத்துபவராகப் பல வருடங்கள் இருந்துவிட்டு, நான்கு வருடங்களாக வீட்டிலிருந்தே தனியாக அதே வேலையைச் செய்கிறார். நூல்கள், ஆண்டறிக்கைகள், பயிற்சிக் கையேடுகள் எல்லாம் அவரிடம் வரும். எழுதியவரின் நடை கெடாமல் பிழை களைந்து, தகவல்களைச் சரிபார்த்து, ஒழுங்காக்கிக் கொடுப்பார். வருமானத்தில் முக்கால்வாசி இரண்டே வாடிக்கையாளர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் வெளியாட்களுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். இவர் வேலையில் குறை எதுவும் இல்லை. அந்த நிறுவனமே சொந்தமாக ஆள் வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"உன்னைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லு, பதிவு போடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்டு வளர்ந்தவள் நான். என்னை நானே புகழ்ந்துகொள்வதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஒருநாள் ராத்திரி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு பதிவு போட்டேன். பழைய ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டார். வாழ்த்தா, கிண்டலா, தெரியவில்லை. நாற்பது நிமிடத்தில் பதிவை நீக்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் நிம்மதியாகத் தூங்க முடிந்தது" என்று எழுதுகிறார்.

தன்னைவிட அனுபவம் குறைந்த இன்னொரு ஃப்ரீலான்சர் தினமும் எதையாவது எழுதிப்போட்டு வேலை வாங்கிக்கொண்டே இருப்பதாகவும் சொல்கிறார். "அவருக்குக் கூச்சமே கிடையாது. எனக்கு அது பிறவிக் குணம். பழைய வாடிக்கையாளர்களிடம் போய்க் கேட்பது பிச்சை எடுப்பது போல இருக்கிறது. பெண் ஒருத்தி தன்னைப் பற்றிப் பேசினால் திமிர் என்பார்கள். இது இம்போஸ்டர் சிண்ட்ரோமா? விளம்பர ஏஜென்சியிடம் மொத்தத்தையும் ஒப்படைத்துவிடலாமா? நண்பர்கள் ஐந்தாறு பேர் நல்ல ரிவ்யூ எழுதித் தருவதாகச் சொல்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா? அல்லது பேசாமல் மறுபடி ஒரு வேலையில் சேர்ந்துவிடலாமா?" என்று கேட்கிறார். பின்குறிப்பாக, கட்டணத்தை வெளிப்படையாகப் போடலாமா என்றும் ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் முழுக்கக் கூச்சத்தைப் பற்றியே இருக்கிறது. ஆனால் வருமானம் விழுந்ததற்குக் காரணம் கூச்சம் அல்ல. முக்கால்வாசி வருமானத்துக்கு இரண்டு பேரை மட்டும் நம்பியிருந்தீர்கள். ஒருவர் போனதும் ஆட்டம் கண்டுவிட்டது. வாய் ஓயாமல் தன்னைப் பற்றிப் பேசுகிறவருக்கும் இதே நிலைமை வரும். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. "என் குணமே எனக்கு எதிரி" என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குணத்தை மாற்றுகிற வரை எதுவும் நடக்காது. "எனக்கு இன்னும் ஐந்தாறு வாடிக்கையாளர்கள் வேண்டும்" என்று நினைத்தால் இன்றைக்கே செய்ய வேலை இருக்கிறது. உங்களுக்கு ஆயிரம் பேர் தேவையில்லை. ஒருவர் மாதத்தில் எத்தனை பக்கம் திருத்திவிட முடியும்?

பூக்கடைப் பழமொழிக்கும் ஒரு பதில். பூவுக்கு வாசம் இருக்கிறது, தெருமுனையிலேயே தெரிந்துவிடும். நீங்கள் திருத்திய பிரதிக்கு வாசம் கிடையாது. நன்றாகத் திருத்தினால் திருத்தியதே தெரியாது என்பதுதான் உங்கள் தொழிலின் இலக்கணம். படிக்கிறவர் எழுதியவரைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். கணக்கு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், கணினிக் கோளாறு வராமல் பார்த்துக்கொள்பவர் எல்லாருக்கும் இதே கதைதான். வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது கண்ணில் படாது. இப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு வேலையே பேசட்டும் என்று இருந்தால், பேச வேண்டிய இடத்தில் யாருமே பேசாமல் போவார்கள்.

அந்தப் பதிவை யாருக்காக எழுதினீர்கள்?

நீக்கிய பதிவின் வாசகத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, இது வேலை கொடுக்கப்போகிறவருக்காக எழுதியதே இல்லை என்பதுதான். "இத்தனை வருட அனுபவத்தில் தரத்தில் ஒருபோதும் சமரசம் செய்ததில்லை", "மற்றவர்கள் தவறவிடுவதையும் என் கண் பிடித்துவிடும்." இதெல்லாம் பழைய சக ஊழியர்கள் முன்னால் "நான் ஒன்றும் தோற்றுப்போகவில்லை" என்று நிரூபிக்கிற வாக்கியங்கள். யார் சிரித்துவிடுவாரோ என்று பயந்தீர்களோ, அவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களுக்கு என்றைக்காவது வேலை கொடுக்கப்போகிறாரா? இல்லை. ஆனால் அடுத்த மாதத்துக்குள் 200 பக்க அறிக்கையை அச்சுக்கு அனுப்ப வேண்டிய ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்திருந்தால், நீங்கள் என்ன செய்து தருவீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள், எங்கே தொடர்புகொள்வது என்ற எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

எல்லாரும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு உங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உளவியல் துறையில் பிரபலம். அணிந்தால் வெட்கப்படக்கூடிய ஒரு டி-ஷர்ட்டை மாணவர் ஒருவருக்குப் போட்டுவிட்டு, பலர் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டபோது, இப்படி அணிந்துபோனவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவுதான். உங்கள் பதிவையும் நீங்கள் நினைப்பதில் பாதிப் பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறுதலுக்கு இது உதவும். வியாபாரத்துக்கு இதுவே சிக்கல், ஏனென்றால் ஒருமுறை சொன்னால் போதாது என்றும் இதற்கு அர்த்தம்.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "நீக்கிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்க முடிந்தது." அந்த நிம்மதியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பதற்றம் தருகிற ஒன்றிலிருந்து விலகியதும் வருகிற நிம்மதி, மூளைக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது: "பார், ஆபத்து இருந்தது, ஓடியதால் தப்பித்தாய்." அடுத்த முறை பதற்றம் இன்னும் சீக்கிரமாக வரும், இன்னும் பலமாக வரும். எந்த பயத்தையும் வளர்க்கிற உரம் இதுதான். பதிவை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு மணி நேரம் கஷ்டமாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்கவில்லை என்று பார்த்திருப்பீர்கள். அந்த "ஒன்றும் நடக்கவில்லை" என்பதை உங்கள் மனம் நேரில் காணும் வாய்ப்பைத்தான் நாற்பதாவது நிமிடத்தில் பறித்துவிட்டீர்கள்.

அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை ஒரு முழு நாள் நீக்கக் கூடாது. தகவல் பிழை இருந்தால் திருத்தலாம், நீக்கக் கூடாது. ராத்திரியில் போடாதீர்கள், களைத்துப்போன மனதுக்கு எல்லாமே கிண்டலாகத் தெரியும். காலையில் போட்டுவிட்டு, அறிவிப்புகளை அணைத்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விடுங்கள். கூச்சம் போன பிறகு எழுதலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். கூச்சத்தோடு எழுதி எழுதித்தான் அது குறையும். சிலருக்கு முழுதாகப் போகவே போகாது, அவர்களும் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

புகழ்ச்சி வேண்டாம், தகவல் போதும்

தன்னைத்தானே புகழ்கிறவர்களை யாருக்கும் பிடிக்காது என்று பயப்படுகிறீர்கள் போல. பாதி சரி. வேரா ஹூரன்ஸும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் ஒரு நல்ல நண்பன்" என்று சொல்கிறவரையும் "மற்றவர்களைவிட நான் நல்ல நண்பன்" என்று சொல்கிறவரையும் மக்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். முதலாமவர் மேல் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. இரண்டாமவரைத்தான் பிடிக்கவில்லை. அவர் தன்னை உயர்த்துவதோடு கேட்கிறவரையும் சேர்த்து மட்டம் தட்டுவதாகத் தோன்றுகிறது. உங்கள் பதிவில் "மற்றவர்கள் தவறவிடுவதையும்" என்று வருகிறதே, அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் கூசுவதில் பெரும்பகுதி போய்விடும். உங்கள் கூச்சம் அந்த இடத்தில் நியாயமாகத்தான் எச்சரித்திருக்கிறது.

என் யோசனை, மதிப்பீடு சொல்கிற எல்லாச் சொற்களையும் தூக்கிவிடுங்கள். சிறந்த, தரமான, நம்பகமான, ஆர்வமுள்ள எதுவும் வேண்டாம். இவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் படிக்கிறவர் மனதில் ஒட்டுவதும் இல்லை. மிஞ்சுகிற தகவலை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"ஆண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, அபுனைவு நூல் ஆகியவற்றைத் திருத்திக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழையோடு, அட்டவணையில் உள்ள எண்ணும் பத்தியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா, ஒரே பெயர் இரண்டு விதமாக வருகிறதா என்பதையும் பார்ப்பேன். 100 பக்கத்துக்குச் சாதாரணமாக ஆறு வேலை நாள் ஆகும். செய்த மாற்றங்கள் எல்லாம் தனித்துத் தெரியும்படி கொடுப்பேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். அடுத்த மாதம் முதல் வாரத்திலிருந்து புதிய வேலை எடுத்துக்கொள்கிறேன்."

இதில் எங்காவது தற்பெருமை இருக்கிறதா? ஆனாலும் படித்து முடித்ததும் வேலை தெரிந்தவர் எழுதியது என்று புரிந்துவிடும். அட்டவணை எண்ணையும் பத்தி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்ற ஒரு தகவல், "துல்லியமானவர்" என்று பத்து தடவை சொல்வதைவிடக் கனமானது. "எப்போதிலிருந்து வேலை எடுக்கிறேன்" என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தனியாகத் தொழில் செய்கிறவர்கள் பலர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இப்போது வேலை எடுத்துக்கொள்கிறார்களா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நிறைய வேலை இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு ஆள் வேறு இடம் போய்விடுவார்.

எழுத விஷயம் தீர்ந்துவிடுமே என்று கவலைப்படுவீர்கள். வாடிக்கையாளர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். மெய்ப்புத் திருத்துவதற்கும் (அச்சுக்கு முன் எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பது) பிரதி திருத்துவதற்கும் என்ன வித்தியாசம், எழுதி முடித்த பிறகு கொடுப்பதா, அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுப்பதா, பக்க வடிவமைப்புக்கு முன்னால் கொடுத்தால் செலவு ஏன் குறையும். ஒவ்வொன்றுக்கும் நேரில் சொல்வது போலவே பதில் எழுதினால் அதுவே ஒரு பதிவு. தினமும் போட்டே ஆக வேண்டும் என்கிற அறிவுரை எனக்குப் பிடிக்காத ஒன்று. அது பதிவு போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கானது. உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் ஒரே ஒரு இடத்தில். உங்களுக்கு வேலை தரக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த இடம். அறிக்கைகள் வெளியிடும் நிறுவனத்தினர் லிங்க்ட்இனில் இருப்பார்கள் என்றால் இன்ஸ்டாகிராமில் சிரமப்பட வேண்டாம்.

பழைய வாடிக்கையாளரிடம் கேட்பது பிச்சை அல்ல

உண்மையில், பதிவு போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஊருக்குச் சொல்வதைவிட, ஏற்கெனவே உங்களை அறிந்தவர்களுக்குச் சொல்வது எளிது, பலனும் அதிகம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாகத்தான் பார்ப்போம் என்றவர்கள் 27.8 சதவீதம். அவர் பேசியது சிறு எண்ணிக்கையிலான ஆட்களிடம்தான். ஆனால் காரணம் நமக்கே புரியக்கூடியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர்கள் வேறு வட்டங்களில் புழங்குகிறார்கள்; நம் காதுக்கு வராத செய்தி அவர்கள் காதுக்கு வரும்.

கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் அளவு மீறிய மதிப்பு கொடுக்கிறோம். ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கி வர வேண்டும். சுமார் 20 பேரிடம் கேட்டால்தான் ஐந்து பேர் சம்மதிப்பார்கள் என்று சோதனையில் கலந்துகொண்டவர்கள் கணித்துப் போனார்கள். சுமார் 10 பேரிடம் கேட்டதிலேயே கிடைத்துவிட்டது. அது தெரியாதவர்களிடம், அதுவும் ஒரு சிறிய உதவி. உங்களிடம் பணம் கொடுத்து வேலை வாங்கி, திருப்தியோடு போனவர்களை நீங்கள் அதைவிட மோசமாக எடை போட வேண்டியதில்லை.

பிச்சை என்று தோன்றுவது கேட்கிற வாசகத்தால்தான். "ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள்" என்று எழுதினால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். அதற்குப் பதிலாக:

"வணக்கம். போன வருடம் உங்கள் பயிற்சிக் கையேட்டைத் திருத்திக் கொடுத்தேன். அதன் இரண்டாம் பதிப்பு வரப்போவதாக அப்போது சொன்னீர்கள், வந்துவிட்டதா? அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் புதிய வேலைகள் எடுக்க நேரம் இருக்கிறது. இதே போன்ற கையேடு தயாரிக்கிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் என் எண்ணைக் கொடுங்கள். இப்போது எதுவும் இல்லை என்றாலும் பரவாயில்லை."

அவருடைய வேலையை நீங்கள் மறக்கவில்லை என்று இதில் தெரிகிறது. நேரடியாக வேலை கேட்காமல் "யாராவது தெரிந்தால்" என்று கேட்பதால், இல்லை என்று சொல்ல அவருக்கும் சங்கடம் இருக்காது. எல்லாருக்கும் ஒரே செய்தியை ஒட்டுமொத்தமாக அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உண்மை. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். யாருக்கு மறந்துபோயிருக்கிறதோ அவருக்கே போகாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, வாரத்துக்கு நான்கு பேர் என்று எழுதுங்கள். லைக் எத்தனை வந்தது என்று எண்ணாமல், இந்த வாரம் எத்தனை பேருக்கு எழுதினேன் என்று மட்டும் எண்ணுங்கள். முதலாவது உங்கள் கையில் இல்லை, இரண்டாவது இருக்கிறது. பதில் வராதவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நண்பர்களின் ரிவ்யூ, ஏஜென்சி, அப்புறம் உங்கள் உரிமைகள்

நண்பர்கள் எழுதித் தருகிற ரிவ்யூ வேண்டவே வேண்டாம். உங்களிடம் வேலை வாங்காதவர் வாங்கியது போல எழுதினால் அது பொய். பல நாடுகளின் நுகர்வோர் சட்டங்கள் இதை ஏமாற்று வேலையாகவே பார்க்கின்றன. கூகுள் போன்ற தளங்கள் போலி ரிவ்யூக்களை நீக்கும்; பரிசோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதையும் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. சட்டத்தைத் தாண்டி இன்னொன்று: தகவல் பிழையைக் கண்டுபிடிப்பதைத் தொழிலாக வைத்திருக்கும் உங்கள் பெயரில் ஒரு பொய் இருப்பது வெளியே வந்தால், மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

அடுத்தவர் வாயால் சொல்ல வைப்பது என்ற யோசனை மட்டும் மிகச் சரியானது. ஜெஃப்ரி ஃபெஃபரும் மற்ற மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரின் திறமையை அவரே சொன்னபோது கிடைக்காத நல்லெண்ணம், அதையே வேறொருவர் சொன்னபோது கிடைத்தது. சொல்கிறவர் அவருக்காகப் பேசுகிற முகவர்தான் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்தபோதும் கிடைத்தது. ஆகவே உண்மையான வாடிக்கையாளர்களிடம் கேளுங்கள், வேலையை ஒப்படைத்த வாரத்திலேயே கேளுங்கள். "ஒரு பாராட்டு எழுதித் தாருங்கள்" என்றால் அவருக்கும் என்ன எழுதுவது என்று தெரியாது. "நல்ல வேலை, வாழ்த்துகள்" என்று வரும். என்னிடம் வருவதற்கு முன் என்ன சிரமம் இருந்தது, வேலை முடிந்த பிறகு எது எளிதாயிற்று, எந்த மாதிரி ஆளுக்கு என்னைச் சொல்வீர்கள் என்று மூன்று கேள்விகள் அனுப்புங்கள். பதில்களே சாட்சியம். பெயரோடு வெளியிடச் சம்மதமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுருக்கினால், சுருக்கியதை அவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் செய்த வேலையைக் காட்டலாமா என்று கேட்டால், ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்பேன். ரகசியம் காக்கும் நிபந்தனை இருந்தால் வாடிக்கையாளர் பெயரைச் சொல்லக் கூடாது. "ஒரு நிறுவனத்தின் 120 பக்கப் பயிற்சிக் கையேடு" என்று பொதுவாகச் சொல்வதற்கு முன்னும், அந்த விவரத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் அனுமதி கேளுங்கள். நிபந்தனை எதுவும் இல்லாவிட்டாலும், திருத்துவதற்கு முன்னால் இருந்த பிரதியை ஒருபோதும் வெளியே காட்டாதீர்கள். அந்த எழுத்து அவருடையது, அந்தப் பிழைகளும் அவருடையவை, நம்பிக் கொடுத்தவை. முன்-பின் காட்டத்தான் வேண்டும் என்றால், நீங்களே பிழைகளோடு ஒரு பத்தி எழுதி, நீங்களே திருத்திக் காட்டுங்கள். நூலின் நன்றியுரையில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தால் அது ஏற்கெனவே ஊரறிந்த விஷயம், தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். இனி வரும் ஒப்பந்தங்களில், "இந்த வேலையைச் செய்ததாகப் பெயர் குறிப்பிட எனக்கு அனுமதி உண்டு" என்று ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள். பலர் மறுக்க மாட்டார்கள்.

ஏஜென்சி விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. என்ன சொல்வது என்று நீங்கள் தெளிவாகாத வரை அவர்களும் "தரத்தில் சமரசமில்லை" என்றுதான் எழுதுவார்கள், கூடுதலாக ஒரு படம் வைப்பார்கள். இப்போது வருமானம் குறைந்திருக்கும் நேரத்தில் மாதச் செலவு ஒன்றைக் கூட்டிக்கொள்வதும் புத்திசாலித்தனம் அல்ல. பிறகு என்றைக்காவது போனால், இணையதளப் பெயரும் கணக்குகளும் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். உறவு முறிந்த பிறகு தன் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்கிற சிறுதொழில்காரர்கள் உண்டு.

மற்ற கேள்விகள்

அந்த இன்னொரு ஃப்ரீலான்சர். அவருக்குக் கூச்சம் இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதியதை மட்டும்தான் பார்க்கிறீர்கள், எழுதுவதற்கு முன் அவர் என்ன பாடு பட்டார் என்று பார்க்கவில்லை. எத்தனை பேர் அவரிடம் திரும்பி வருகிறார்கள் என்பதும் தெரியாது. ஆனால் ஒன்று, அவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் தங்களைப் பற்றிப் பேசினால் திமிர் என்பார்கள் என்ற பயம் கற்பனை அல்ல. லாரி ரட்மன் 1998-இல் வெளியிட்ட ஆய்வு உட்பட, தன் திறமையை எடுத்துச் சொல்லும் பெண்ணைத் திறமைசாலி என்று ஒப்புக்கொண்டாலும் அவர் மேல் விருப்பம் குறைவதைக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. இது அநியாயம், நீங்கள் அடக்கமாக இருப்பதால் இது மாறிவிடாது. தகவலாகச் சொல்வதும், வாடிக்கையாளர் வாயால் சொல்ல வைப்பதும் இந்த அடியைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால்தான் அவற்றை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அப்படியும் திமிர் என்று சொல்கிறவர் சொல்லட்டும்.

இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்பது மருத்துவர் கண்டறிந்து சொல்கிற நோய் அல்ல. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் விவரித்த ஓர் அனுபவம்: சாதித்த பிறகும், "எனக்குத் தகுதி இல்லை, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்ற உணர்வு. உங்கள் கடிதத்தில் அது இல்லை. உங்கள் வேலை நல்ல வேலை என்று உங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் வரவில்லை. ஆனால் புதியவர்களோடு போனில் பேசுவது, நாலு பேர் இருக்கும் கூட்டத்தில் வாய் திறப்பது, பிறர் பார்க்க ஒரு கையெழுத்துப் போடுவதுகூட நெஞ்சு படபடக்க வைக்கிறது, அதனாலேயே பலவற்றைத் தவிர்க்கிறீர்கள், இது ஆறு மாதத்துக்கு மேலாக இருக்கிறது என்றால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். நேரில் ஒரு மனநல நிபுணரைப் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அதற்கு நன்றாகப் பலன் தருகிறது.

மறுபடி வேலைக்குப் போவது தோல்வி என்று நினைக்காதீர்கள். கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும் என்று கணக்குப் போடுங்கள். மூன்று மாதத்துக்கும் குறைவு என்றால் பகுதிநேர வேலையோ ஒப்பந்த வேலையோ எடுத்துக்கொள்வதே நல்லது. நான் சொன்ன எதற்கும் பலன் வர மாதங்கள் ஆகும். பணக் கவலையோடு எழுதுகிற செய்தியில் அந்தக் கவலை தெரிந்துவிடும், கட்டணத்தையும் தேவையில்லாமல் குறைத்துவிடுவீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும் என்றால், கூச்சத்துக்குப் பயந்து மட்டும் வேலைக்குப் போகாதீர்கள். நேர்முகத் தேர்விலும் உங்களைப் பற்றி நீங்களேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

பின்குறிப்புக்குப் பதில்: கட்டணத்தைப் போடலாம். வேலைக்கு வேலை மாறும் என்பதால் ஒரே எண்ணாகப் போட வேண்டாம். "ஒரு பக்கத்துக்கு இவ்வளவிலிருந்து ஆரம்பம், மாதிரிப் பக்கங்களைப் பார்த்த பிறகு சரியாகச் சொல்வேன்" என்று போடுங்கள். ஒரு பக்கம் என்றால் எத்தனை சொல் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். கட்டணம் பேசுவதுதான் உங்களுக்கு அதிகம் கூசுகிற இடம் என்றால், அந்தப் பேச்சை உங்களுக்கு முன்னாலேயே அந்த வரி பேசி முடித்திருக்கும். கட்டுப்படியாகாதவர்கள் அழைக்க மாட்டார்கள். பேரம் பேசுகிறவர்களிடம் தொகையைக் குறைக்காமல் வேலையின் அளவைக் குறைத்துச் சொல்லுங்கள், அதாவது தகவல் சரிபார்ப்பு இல்லாமல் மெய்ப்பு மட்டும் என்றால் இவ்வளவு என்று.